கம்பவுண்டர் காலமும் கேஷ்லெஸ் காலமும்

காலி பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துப் போக வேண்டும். கழுவிக் காயவைத்த பாட்டில், அளவான தக்கை. 1960களிலும் 70களிலும் நம் சிற்றூர் டிஸ்பென்சரிகளில் வைத்தியம் தொடங்கியது அந்தப் பாட்டிலில்தான். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வார், முதுகில் குழலை வைத்துக் கேட்பார், சீட்டில் இரண்டு வரி கிறுக்குவார். அடுத்த அறையில் கம்பவுண்டர் பெரிய ஜாடிகளிலிருந்து ஊற்றிக் கலக்குவார். வயிற்று வலிக்கு இளஞ்சிவப்பாக ஒரு மிக்ஸ்சர், காய்ச்சலுக்குக் கசப்பாக இன்னொன்று. பிறகு ஒரு துண்டுத் தாளை நீளவாக்கில் மடித்து, ஓரத்தில் கத்தரிக்கோலால் சிறு சிறு வெட்டாக வெட்டிப் பிரித்து, பசை தடவி பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டுவார். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் இருப்பது ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது புரியும்.

டாக்டர் பார்த்ததற்கும் மருந்துக்கும் சேர்த்து ஒரே காசு. கொடுத்துவிட்டுப் படியிறங்கினால் கணக்கு முடிந்தது. கையில் இல்லையென்றால் அடுத்த வாரம், அல்லது அறுவடைக்குப் பிறகு. ரைஸ்மில் முதலாளியிடம் வாங்கியதை டாக்டர் களை எடுக்கும் பெண்ணிடம் வாங்கவில்லை. ஆளுக்கேற்ற அந்த விலையை எந்த அரசாணையும் வகுக்கவில்லை. பக்கத்துத் தெருவில் இன்னொரு டாக்டர் இருந்தார், ஊர் வாய் என்று ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அந்த இளஞ்சிவப்புத் தண்ணீரால் டைபாய்டைத் தடுக்க முடியவில்லை. மாரடைப்பு வந்தவரைக் கட்டிலில் கிடத்தி விசிறுவதைத் தவிர வேறு வழியில்லை. 1971 வாக்கில் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை முதல் பிறந்தநாளைப் பார்க்காமல் போயின. 2020-ல் அந்த எண்ணிக்கை 13. இந்த மாற்றத்தைக் கொண்டுவந்ததில் அரசுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியாவிலேயே முதல்முறையாகப் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றியது 1939-ல் மதராஸ் மாகாணம்தான். கொசு ஒழிப்பு, குடிநீரில் குளோரின், தடுப்பூசி, கொள்ளைநோய்க் கண்காணிப்பு என இவற்றை எந்தத் தனி ஆளும் தனக்கென்று காசு கொடுத்து வாங்க முடியாது. என் வீட்டுக் கிணற்றில் மருந்து அடித்தால் உங்கள் குழந்தைக்கும் மலேரியா வராது. சுதந்திரச் சந்தையை முழுமனதாக நம்புகிற நான், இந்த வேலையில் அரசு ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது என்றே சொல்வேன்.

நான் பேச வந்தது வேறு. காய்ச்சல், கல், புரை, இதயம், மூட்டு என்று ஒருவர் தன் உடம்புக்காகத் தேடிப்போகும் வைத்தியத்தின் விலை. இந்த ஐம்பது ஆண்டுகளில் அது ஒரே திசையில் போகவில்லை. சில இடங்களில் தரம் உயர்ந்து விலை சரிந்திருக்கிறது. வேறு சில இடங்களில், முழுத்தொகை எவ்வளவு என்பதே நோயாளிக்குத் தெரியாத அளவுக்கு விலை மறைந்துபோயிருக்கிறது. வாங்குகிறவர் விலையைக் கேட்க முடிந்த இடத்தில், விற்கிறவர்கள் நாலு பேர் இருந்த இடத்தில், அது இறங்கியது. கேட்கிற ஆள் ஒருவர், கொடுக்கிற ஆள் வேறொருவர் என்று ஆன இடத்தில் ஏறியது.

கண்ணிலிருந்து தொடங்குகிறேன்.

1970களில் புரை ஆபரேஷன் என்றால் வீடே கலங்கும். முற்றட்டும் என்று பார்வை போகும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். பிறகு கண்ணிலிருந்த வில்லையை முழுதாக எடுத்துவிடுவார்கள். உள்ளே மாற்று வில்லை வைக்கும் வழக்கம் அப்போது இங்கே இல்லை. தலை அசையாமலிருக்க இருபுறமும் மணல்மூட்டை வைத்து நாள்கணக்கில் படுக்கை. எல்லாம் ஆறியபின் சோடாபுட்டிக் கண்ணாடி. அதைப் போட்டால் பொருள்கள் பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, தூரம் பிடிபடாது. தம்ளரை எடுக்கப்போய் காற்றைப் பிடித்த தாத்தாக்களை அந்தக் காலத்து வீடுகள் அறியும். கண்ணாடி உடைந்தால் மறுபடி இருட்டு.

1976-ல், அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களால் ஆயிரக்கணக்கான கண்களை அறுத்தவர் அவர். அங்கே நடந்ததைச் சேவை என்று போற்றியே பழகிவிட்டோம், அதன் பொருளாதாரத்தைப் போதிய அளவு கவனிக்கவில்லை. பணம் கொடுக்க முடிந்தவர்களுக்கு ஒரு விலை வைத்தார்கள். அது மற்ற இடங்களைவிடக் கட்டுப்படியான விலை, தரம் தெரிந்த விலை. அதனால் கூட்டம் வந்தது. அந்த வருமானத்தின் மிச்சத்தில் பணமில்லாதவர்களுக்கு இலவசமாகவோ சொற்பத் தொகைக்கோ அதே அறுவை. முகாம்களில் நடந்த அறுவைகளுக்கு அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்திலிருந்தும் ஒரு தொகை வந்ததுண்டு. ஆனால் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது காசு கொடுத்து வந்த நோயாளிதான்.

வேலையைப் பிரித்துக்கொண்ட விதமும் முக்கியம். கிராமங்களிலிருந்து இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பார்வை அளப்பது, கண்ணழுத்தம் பார்ப்பது, நோயாளியை ஆபரேஷனுக்குத் தயார் செய்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. டாக்டர் நோயைக் கணிக்கவும் அறுவைக்கும் மட்டும். ஒரு மேஜையில் முடியும்போது பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார்.

எண்பதுகளில் கண்ணுக்குள் வைக்கும் வில்லை வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த அதன் விலை ஏழைக்கு எட்டாதது. 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி, வில்லையை இங்கேயே செய்தார்கள். இறக்குமதி விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. பிறகு வேறு இந்திய நிறுவனங்களும் இறங்க, வில்லை சாதாரணப் பொருளாயிற்று. இன்று ஊருக்கு ஊர் கண் மருத்துவமனை. கவுன்சலிங் மேஜையில் உட்காரும் பெண் ஒரு அட்டையை எடுத்து முன்னால் வைக்கிறார். இந்திய வில்லை இவ்வளவு, இறக்குமதி இவ்வளவு, கிட்டப்பார்வை தூரப்பார்வை இரண்டுக்குமானது இவ்வளவு. மகன் தூரத்திலிருந்து போனில் கேட்கிறான், மகள் இன்னொரு மருத்துவமனையில் விசாரித்ததைச் சொல்கிறாள், "எனக்கு இது போதும்ப்பா" என்று அப்பா விரலை வைக்கிறார். காலையில் போனவர் மாலையில் வீட்டுத் திண்ணையில். சோடாபுட்டிக் கண்ணாடியைப் பார்த்தறியாத ஒரு தலைமுறை வந்துவிட்டது.

மருந்தின் கதையும் ஏறக்குறைய இதே திசையில்தான் போகிறது, கொஞ்சம் முரண்டுபிடித்தாலும்.

1970-ன் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு ஏகபோகம் கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உரிமை என்றது. சந்தைவாதிகளில் சிலர் இதை இன்றும் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காப்புரிமை என்பதே அரசாங்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் ஏகபோகம். அது எவ்வளவு காலம், எவ்வளவு அகலம் என்பது விவாதத்துக்குரியது. அந்தப் பூட்டு இல்லாத 30 ஆண்டுகளில் இந்தியாவில் மருந்துத் தொழிற்சாலைகள் பெருகின, ஒன்றையொன்று முட்டி விலையை இறக்கின. 2001-ல் சிப்ளா நிறுவனம் எச்.ஐ.வி. கூட்டு மருந்தை ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தபோது, மேலைநாட்டு விலை 10,000 டாலருக்கும் மேலே இருந்தது. ஆப்பிரிக்காவில் எத்தனை லட்சம் பேர் உயிரோடிருக்க அந்தப் போட்டி காரணமாயிற்று என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு விம்மும். 2005-ல் சட்டம் மாறி, மருந்துப் பொருளுக்கே காப்புரிமை வந்துவிட்டது. பழைய மருந்துகளில் அந்தப் போட்டி இன்றும் தொடர்கிறது.

அந்தக் குறைந்த விலை நம் ஊர் மெடிக்கல் ஷாப் மேஜைவரை ஏன் முழுதாக வந்து சேர்வதில்லை? டாக்டர் எழுதுவது பிராண்ட் பெயர், வாங்குகிறவருக்கு மாற்று தெரியாது என்பது ஒரு காரணம். வியாபாரிகளே போட்டியை அடைத்து வைத்திருந்தது இன்னொன்று. புதிதாக ஒருவர் ஸ்டாக்கிஸ்ட் ஆக வேண்டுமானால் மருந்து வணிகர் சங்கத்திடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் என்பது நாடு முழுக்க எழுதாத சட்டமாக இருந்தது. மொத்த வியாபாரிக்கு இவ்வளவு, சில்லறைக்கு இவ்வளவு என்று லாப விகிதத்தையும் சங்கமே நிர்ணயித்தது. 2013-ல் இந்தியப் போட்டி ஆணையம் இது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. இன்று எந்தச் சின்ன ஊர் கடைத்தெருவிலும் "20% தள்ளுபடி" என்று போர்டு தொங்குகிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் வாங்குகிறவர்கள் அந்தப் போர்டைப் பார்த்துத்தான் கடை மாறுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஓர் அரசு நிறுவனம்தான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் பதிவாகி, 1995-ல் வேலையைத் தொடங்கியது. அதற்கு முன்பு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் கேட்ட வாசகம் ஒன்று உண்டு: "ஸ்டாக் இல்ல, வெளியில வாங்கிக்கோங்க." கழகம் வந்தபின் என்ன செய்தார்கள்? தேவையான மருந்துகளின் பட்டியலைச் சுருக்கினார்கள். இடைத்தரகரை விட்டுவிட்டுத் தயாரிப்பாளர்களிடமே திறந்த டெண்டர் கேட்டார்கள். வந்து இறங்கிய சரக்கைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, தேறினால்தான் பணம் என்றார்கள். மாவட்டம்தோறும் கிடங்கு கட்டினார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம், எதை எடுப்பது என்பது ஆஸ்பத்திரியின் முடிவு. கிடங்கிலிருந்து மாத்திரை வரும்போது அதன் விலை பாஸ்புக்கில் கழியும். இலவச மருந்துக்கும் விலை இருக்கிறது என்பதை அந்தப் பாஸ்புக் ஒவ்வொரு முறையும் டாக்டருக்கு நினைவூட்டியது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றின. அரசு ஏழைக்காகப் பணம் கொடுக்கட்டும், ஆனால் சந்தையில் கறாராக விலைபேசிக் கொடுக்கட்டும் என்று நான் வாதாடும்போதெல்லாம் இந்தக் கழகத்தைத்தான் காட்டுகிறேன். அரசு மருத்துவமனைகளில் அது நடத்தும் ஸ்கேன் மையங்களில் சி.டி.க்கு 500, எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய் என்ற அளவில் கட்டணம் வைத்து நடத்திக் காட்டியதும் அதே பாதைதான்.

இனி மறுபக்கம்.

1972-ன் சட்டத்தால் பொதுக் காப்பீடு தேசியமயமாயிற்று. 1986-ல் அரசுக் கம்பெனிகள் மெடிகிளெய்ம் பாலிசியைக் கொண்டுவந்தன. சிகிச்சைக்கு நாமே பணம் கட்டி, பில்லை அனுப்பி, பிறகு காத்திருந்து வாங்க வேண்டும். கட்டுகிற கை நம்முடையது என்பதால் பில்லைப் படித்தோம். 2000-க்குப் பிறகு தனியார் கம்பெனிகள் வந்தன, கூடவே மருத்துவமனைக்குக் கம்பெனியே நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் முறை வந்தது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-ல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம், 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. இந்தத் திட்டங்களால் கூலி வேலை செய்கிறவரின் குழந்தைக்கு இதய ஓட்டை அடைபட்டிருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. கழுத்தை நெரிக்கும் பெருஞ்செலவு திடீரென வரும்போது பலர் சேர்ந்து தாங்குவதற்குத்தானே காப்பீடு?

சாதாரணச் செலவுக்கும் காப்பீடே வழி என்று ஆனபோதுதான் கோணல் தொடங்கியது. தனியார் மருத்துவமனை ஒன்றின் இன்ஷூரன்ஸ் மேஜையில் அருகிலிருந்து கேட்ட உரையாடல் இது. மாமியாருக்குப் பித்தப்பைக் கல்லை எடுக்க வந்த மருமகள், முப்பது வயதிருக்கும்.

"எவ்வளவுங்க ஆகும்?"

"இன்ஷூரன்ஸ் எவ்வளவுக்குப் போட்டிருக்கீங்க?"

"அஞ்சு லட்சம்."

"அப்புறம் என்னக்கா? கம்பெனி பாத்துக்கும். ஆதார் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்க."

அவர் மறுபடியும் கேட்டார். "இல்லைங்க, மொத்தமா எவ்வளவுன்னு..."

"அது டிஸ்சார்ஜ் அன்னைக்குத்தான்க்கா தெரியும்."

அந்தப் பெண் காய்கறிக்காரரிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவராகத்தான் இருப்பார். இங்கே பேசுவதற்கு அவருக்கு எதுவும் விடப்படவில்லை. டிஸ்சார்ஜ் அன்று காலையில் பெட்டியைக் கட்டிவிட்டு உட்கார்ந்தால், அப்ரூவல் வர மாலையாகிவிடும். அப்போதுதான் பாலிசியின் பொடி எழுத்து பேசும். மூன்று லட்ச ரூபாய் பாலிசி, அறை வாடகை அதில் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாளுக்கு 3,000. இருந்த அறையின் வாடகை 6,000 என்றால் வாடகையில் மட்டும் பாதி போகாது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் என்று அறையோடு ஒட்டிய எல்லாவற்றிலும் பாதியைக் கம்பெனி கழித்துவிடும். மருந்துக்கும் பொருத்திய கருவிக்கும் சோதனைகளுக்கும் அந்தக் கழிவு இல்லை என்று 2020-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருப்பது கொஞ்சம் ஆறுதல். கையுறை, மாஸ்க், பதிவுக் கட்டணம் என்று பல பாலிசிகளில் தனிப் பட்டியல் வேறு. கேஷ்லெஸ் என்று நம்பி வந்தவர்கள் அந்த நேரத்தில் மைத்துனருக்குப் போன் போட்டு ஜிபேயில் பணம் கேட்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

தேசிய சுகாதாரக் கணக்குப்படி, மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுப்பது 2013-14-ல் 64.2 சதவீதம், 2021-22-ல் 39.4 சதவீதம். இதை முழு வெற்றியாகக் கொண்டாடுகிறார்கள். ஏழையின் சுமை குறைந்த அளவுக்கு நானும் மகிழ்கிறேன். ஆனால் கையிலிருந்து போகாத பணம் பிரீமியமாகவும் வரியாகவும் போகிறது. பில்லைக் கேள்வி கேட்கும் ஆளும் அந்த அளவுக்குக் குறைகிறார். அறுபதைத் தாண்டியவர்கள் பாலிசியைப் புதுப்பிக்கப் போனால் பிரீமியத் தொகையே அதைச் சொல்லும். 2025 செப்டம்பரில் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யை நீக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் வரியை எடுத்தால் அடியிலிருக்கும் பில் சிறுத்துவிடாது.

இந்தச் சாலை எங்கே போகிறது என்பதற்கு அமெரிக்கா இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், அங்கே சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆள் பிடிக்க முடியாத முதலாளிகள் சம்பளத்துக்குப் பதிலாக மருத்துவக் காப்பீடு தந்தார்கள். அதற்கு வரி கிடையாது என்பதை 1954 சட்டம் உறுதிசெய்தது. அன்றிலிருந்து நோயாளிக்கும் விலைக்கும் நடுவே முதலாளி, கம்பெனி, அரசு என்று மதில்மேல் மதில். இன்று நாட்டு வருமானத்தில் 17 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போகிறது. இதைத்தான் நம்மில் பலர் "சந்தை மருத்துவம்" என்று சுட்டிக்காட்டிப் பயமுறுத்துகிறார்கள். விலைப்பட்டியலை வெளியிடுங்கள் என்று மருத்துவமனைகளுக்கு 2021-ல் அரசு கட்டளை போட வேண்டியிருந்த இடத்தைச் சந்தை என்று எப்படிச் சொல்வது?

நம் பக்கத்திலும் ஒரு தலைகீழ்ப் போட்டி நடந்தது, இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்டில். மேஜையில் படுத்து, கையிலோ தொடையிலோ குழாய் நுழைந்த நிலையில் இருப்பவரால் பேரம் பேச முடியுமா? வெளியே நிற்கும் மகனிடம் "ரெண்டு வைக்கணும், எது வைக்கலாம்?" என்று கேட்டால், விலை அதிகமானதைத்தான் அவன் சொல்வான். அப்பா ஆயிற்றே. ஸ்டென்ட் கம்பெனிக்கு வாடிக்கையாளர் நோயாளியல்ல, மருத்துவமனை. அச்சிட்ட விலையை எவ்வளவு ஏற்றி, மருத்துவமனைக்கு எவ்வளவு லாபம் விடுகிறோம் என்பதில் கம்பெனிகள் போட்டியிட்டன. அதனால் போட்டி கூடக்கூட விலை ஏறியது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விதித்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய், சாதாரண உலோக ஸ்டென்ட் 7,260. மக்கள் கைதட்டினார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் அதற்குக் கொடுத்த தீர்வு எனக்குச் சரியானதாகப் படவில்லை. பில்லில் ஒரு வரியை அமுக்கினால் பக்கத்து வரி உப்புகிறது. தியேட்டர் கட்டணம், டாக்டர் கட்டணம், பலூன், கம்பி எல்லாம் உச்சவரம்புக்கு வெளியே நின்றன. சில பன்னாட்டுக் கம்பெனிகள் தங்கள் புதிய ஸ்டென்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதி கேட்டன. விலையை வெட்டுவதற்குப் பதிலாக, அடைப்பு நீக்கும் சிகிச்சை முழுவதற்கும் ஒரே தொகை என்று ஒவ்வொரு மருத்துவமனையும் முன்கூட்டியே ஊரறியச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தால்? மாரடைப்போடு வருகிறவருக்கு ஒப்பிட நேரமிருக்காது, உண்மை. ஆனால் தேதி குறித்து வருகிறவர்களும் நிறையப் பேர், அவர்கள் கேட்டுக் கேட்டு உருவாக்கும் விலைதான் நள்ளிரவில் ஆம்புலன்சில் வருகிறவருக்கும் பொருந்தும். கண்ணில் அது நடந்தது.

விலை ஏறுவதற்கு இன்னொரு வேர், வைத்தியம் பார்க்க ஆள் போதாமை. அந்தக் காலத்துச் சிற்றூர் டாக்டர்களில் பலர் எல்.எம்.பி. படித்தவர்கள், எம்.பி.பி.எஸ். அல்ல. குறுகிய காலப் படிப்பு, குறைந்த செலவு, ஊரிலேயே தங்கும் மனசு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ல் வேலூரில் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி கொடுத்ததும் அந்தப் பட்டயம்தான். 1946-ல் அரசு அமைத்த போர் (Bhore) கமிட்டி, நாட்டுக்கு ஒரே தரத்தில் ஒரே வகை டாக்டர் போதும் என்றது. எல்.எம்.பி. பள்ளிகள் மூடப்பட்டன அல்லது கல்லூரிகளாக உயர்ந்தன. தரம் வேண்டும் என்ற நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. விளைவு என்ன? அந்த ஒரே வகை டாக்டர் கிராமத்துக்குப் போகவில்லை, அந்த இடத்தைப் படிக்காத போலி டாக்டர் பிடித்துக்கொண்டார். மதுரையில் கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்துக் கண் வைத்தியத்தில் செய்ததை, மற்ற வைத்தியத்தில் செய்ய விதிகள் எளிதில் விடுவதில்லை.

மருத்துவக் கல்லூரி தொடங்க இத்தனை ஏக்கர் நிலம் வேண்டும் என்று பல ஆண்டுகள் விதி இருந்தது. நிலத்துக்கும் உடற்கூறியலுக்கும் என்ன உறவு? நிலம் வாங்கியவர் அந்தக் காசை மாணவரிடம் எடுத்தார், மாணவர் டாக்டரானதும் நம்மிடம் எடுத்தார். 2020-ல் அந்த விதி ஒருவழியாகப் போனது. 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் வேறொரு கதவைச் சாத்தப் பார்த்தது. பத்து லட்சம் மக்கள்தொகைக்கு நூறு எம்.பி.பி.எஸ். இடங்கள்தான், அதற்கு மேலிருந்தால் அந்த மாநிலத்தில் புதிய இடம் கிடையாது என்றது. கல்லூரிகளைக் கட்டி வைத்திருந்த தமிழ்நாடு கொதித்தது, முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், விதி தள்ளிவைக்கப்பட்டது. மாநில உரிமை என்று கட்சிகள் பேசின. டாக்டர்கள் பெருகினால் கட்டணம் குறையும் என்ற காரணத்தை யாராவது பேசுவார்களா என்று ஆவலோடு பார்த்தேன். பர்மிட்-லைசென்ஸ் ராஜ் என்று ராஜாஜி எதைச் சொல்லி 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினாரோ, அது சிமென்டிலிருந்தும் ஸ்கூட்டரிலிருந்தும் போய்விட்டது. மருத்துவத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

2002-ல் இந்திய மருத்துவ கவுன்சில் வெளியிட்ட டாக்டர்களுக்கான நடத்தை விதிகளில் ஒன்று: டாக்டர் தன் கட்டணத்தை, தான் பார்க்கும் அறையிலும் மருத்துவமனையிலும் பலகையில் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். அது இன்றும் நடப்பில் உள்ள விதி. நம் ஊரில் அப்படியொரு பலகையைத் தேடினால் ரத்தப் பரிசோதனை நிலையத்திலும் பல் ஆஸ்பத்திரியிலும் கிடைக்கலாம். பெரிய மருத்துவமனையின் வரவேற்பறையில் அங்கீகாரச் சான்றிதழ்கள் சட்டம் போட்டுத் தொங்கும், விலை தொங்காது. ஹெர்னியா ஆபரேஷனுக்கு எவ்வளவு என்று போனில் கேட்டால், "இன்ஷூரன்ஸ் இருக்கா சார்?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. இருந்தால் ஒரு தொகை, இல்லாவிட்டால் ஒரு தொகை.

இதைச் சரிசெய்யப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரும் ஒவ்வொரு மருத்துவமனையோடும், ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று அரசு ஏற்கெனவே விலைபேசி வைத்திருக்கிறது. ஹெர்னியாவுக்கும் பித்தப்பைக்கும் கர்ப்பப்பைக்கும் மூட்டுக்கும் அதில் தொகை இருக்கிறது. அந்தத் தொகையையும், அதே சிகிச்சைக்குக் கையில் காசோடு வருகிறவரிடம் அந்த மருத்துவமனை வாங்கும் தொகையையும், பக்கத்தில் பக்கத்தில் தமிழில் எழுதி வாசலில் வைக்க வேண்டும் என்று அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து சேர்த்தால் போதும்.